ஏஜண்டர் குடித்த ஒரு கோப்பைத் தண்ணீர்

தலைவர் உசனார் ஹாஜியார் அவர்களே! இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! மறைந்த ஐயாவின் தமையனார், அமிர்தகழியிலிருந்து இந்த வெயிலில் பாலம் கடந்து வந்திருக்கும் சீனித்தம்பி அவர்களே! திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே! தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளர்களே! கடையைப் பூட்டாமல் வந்து, கண்ணை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் காத்தான்குடி வியாபாரிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஆதம்பாவாவின் களைத்துப்போன ஸலாம்.

ஆம், களைத்துத்தான் போனேன். நம்முடைய நெசவு வியாபாரிகள் சங்கத்தில் யார் கண்ணை மூடினாலும், “மாமாவைக் கூப்பிடு, அவர் பேசுவார்” என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. போனவர்களையெல்லாம் வானத்துக்கு ஏற்றி ஏற்றி என் தோள் இறங்கிவிட்டது. வானத்திலும் இனி இடம் இருக்குமோ தெரியாது. இன்றைக்கு உயர்த்திப் பேச என்னிடம் தெம்பில்லை. பிறக்கிராசியார் வினாயகமூர்த்தி ஐயாவுக்கு அது தேவையும் இல்லை. அவர் இருமினால் கல்லடிப் பாலத்தில் ஆணி கழலும். அவர் வழக்குப் பேச எழுந்து நின்றால் எதிர்ப்பக்கத்து அட்வகாத்துமாருக்குத் தாகம் எடுத்து, புளியந்தீவுக் கிணறெல்லாம் ஒரு முழம் இறங்கும். இதற்கு மேல் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லமாட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஐயாவும் சிரிப்பார்.

அந்த மனிதர் உடம்பில் போட்டிருந்த கோட்டை நினைத்துப் பாருங்கள். அவர் சட்டம் படித்து வந்த காலத்தில் அது கறுப்பு. பிறகு பச்சை. பிறகு பாசி. கடைசி வருடங்களில் அதற்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது. “ஐயா, ஒரு புதுக் கோட்டு தைத்துத் தருகிறோம்” என்று இந்தச் சங்கம் எத்தனை முறை கேட்டது? “உங்கட துணியிலயா?” என்று கேட்பார். அவ்வளவுதான். நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஏன் மூடினோம்? உங்களுக்குத் தெரியும். ஆனால் அமிர்தகழியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. வழக்கை இப்போது ஏற்றிருக்கும் புதிய பிறக்கிராசியார் முன் வரிசையில் இருக்கிறார், அவருக்கும் முழுதாகத் தெரியாது. ஆகையால் சொல்கிறேன்.

ரயில் வந்த பிறகு கொழும்பிலிருந்து நமக்கு எல்லாம் வந்தது. பிஸ்கோத்து வந்தது, புதுப் பாஷை வந்தது, கடைசியில் ஒரு நூல் கொம்பனியின் ஏஜண்டரும் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி. அவர் சப்பாத்தில் முகம் பார்த்து மூன்று பேர் சவரம் செய்தார்கள். “சாயம் போகாத நீல நூல், பாதிக் காசு தாருங்கள், மீதி கடன்” என்றார். நம்மவர்கள் நம்பினார்களா? நம்பவில்லை! காத்தான்குடியான் கண்ணால் கண்டதையே இரண்டு தரம் தடவிப் பார்ப்பவன்.

அப்போது அவர் என்ன செய்தார்? நெசவுக்காரப் பிள்ளை கைறுன்னிஸாவின் முற்றத்தில், எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, ஒரு சிட்டம் நூலை எடுத்துச் சட்டித் தண்ணீரில் ஊறவைத்தார். கசக்கினார். பிழிந்தார். தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே கிடந்தது. “இன்னும் சந்தேகமா?” என்று கேட்டு, கைறுன்னிஸா கொடுத்த கோப்பையில் அந்தத் தண்ணீரை மொண்டு, மடக் மடக்கென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். ஆகா! அந்த ஒரு கோப்பைத் தண்ணீரில் ஊரே விழுந்தது! பக்கீர் இங்கே இருக்கிறாரே, அவர் அன்றைக்கே தன் எல்லாத் தறிக்கும் நூல் எடுத்தார்.

வந்த பொதிகளில் வெளிச்சுற்று நூல் தங்கம். அதைத்தான் நாம் பிரித்துப் பார்த்தோம். உள்ளே கிடந்ததோ வேறு சாதி. பெருநாளைக்கு ஊரெல்லாம் புதுச் சாரம் உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யக் குனிந்தோம். சாரத்துக் கரை நனைந்தது. ஹவுழ் தொட்டித் தண்ணீர் நீலமாகிவிட்டது! நிறம் மாறிய தண்ணீரில் ஒழுக் கூடுமா கூடாதா என்று லெப்பை ஒரு பக்கம் கிதாபைப் புரட்ட, மறுபக்கம் எங்கள் கால்கள் முழங்கால் மட்டும் நாவற்பழம். அந்த நீலம் வாய்க்காலில் இறங்கி, வாவியில் கலந்து, வடக்கே பாசிக்குடாவரைக்கும் போனது. அங்கே கடல் இன்றைக்கும் அந்த நிறத்தில் கிடப்பதற்குக் காரணம் நம்முடைய சாரம்தான் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

இதைத்தான் ஐயாவிடமும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆதம்பாவா, நீங்க கூண்டில ஏறினா எதிராளி வெத்தில வச்சு உங்களக் கும்பிடுவான். பாசிக்குடாவில எனக்கு வழக்கில்ல. மத்தவங்கள வரச் சொல்லுங்க” என்றார்.

மற்றவர்கள் வந்தார்கள். இதே மண்டபம். இதே பலகை. இதே மூட்டைப்பூச்சிகள், அவற்றின் பேரப்பிள்ளைகளாகவும் இருக்கலாம். ஐயா நடுவில் இருந்து பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கேளுங்க. பொய்யச் சொல்லி வித்த சாமான், பொய்யெண்டு தெரிஞ்ச உடன கையெடுத்துப் போடலாம். ‘இந்தா உன்ட நூல், தா என்ட காசு.’ அது ஒரு வழி. இல்லாட்டி நூல நீங்களே வச்சிக்கிட்டு, வந்த நட்டத்தைக் கேக்கலாம். ரெண்டையும் ஒரே நூலுக்குக் கேக்க ஏலாது. அவர் காட்டின மாதிரிச் சிட்டம் ஒண்டு, தந்த பொதி வேறொண்டு. அதுவே நமக்குப் பெரிய பலம்.”

பக்கீர் எழும்பினார். “ஆள ஜெயில்ல போட ஏலாதா ஐயா?”

“பொலிஸ் கோட்டுக்குப் போகலாம். ஆனா தண்ணி குடிக்கக்குள்ளயே உள்ள கிடக்கிறது கள்ள நூலெண்டு அவருக்குத் தெரியும் எண்டதை, சந்தேகத்துக்கு இடமில்லாமக் காட்டணும். காட்டி, ஆள உள்ள போட்டாலும் உங்கட நூலுக்குச் சாயம் ஏறாது பக்கீர். முதல்ல காசுக்கு வழி பாப்பம்.”

“சீட்டுல அச்சடிச்சிரிக்கே ஐயா, வித்த பொறவு முறைப்பாடு ஏற்க மாட்டமெண்டு?”

“ஏமாத்துக்கு அச்சுக்கூடத்தில சட்டை தைக்க ஏலாது.”

அடடா! அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் கைதட்டிய தட்டில் கூரை ஓடு இரண்டு இடம் மாறியது. ஐயா கைதட்டலைக் கேட்கவில்லை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“சரி. பெருநாளண்டைக்குத் தெரிஞ்சிட்டு. மறுகா என்ன செஞ்சீங்க?”

கைதட்டிய கைகள் மடியில் இறங்கின.

“நெய்தம்” என்றார் பக்கீர்.

“தெரிஞ்ச பிறகா?”

“பாவு தறியில ஏறிட்டே ஐயா.”

அமிர்தகழியிலிருந்து வந்தவர்களே, இது எங்கள் ஊர்க் காரியம். தறியில் ஏற்றிய பாவை, அந்த நீளவாட்டு நூலை, நெய்து முடிக்காமல் அறுக்கமாட்டோம். அறுத்தால் ஒரு மௌத்து, ஒரு சாவு, விழும் என்று ஒரு பேச்சு. மார்க்கத்தில் இல்லை, லெப்பையைக் கேளுங்கள், தலையாட்டுவார். ஆனால் லெப்பை வீட்டுத் தறியிலும் யாரும் அறுத்ததில்லை. கள்ள நூல் என்று தெரிந்தும், சாயம் விரலில் ஒட்ட ஒட்ட, பாவு முடியும்வரை எல்லோரும் நெய்தார்கள். சும்மாவும் வைக்கவில்லை, அதைச் சந்தையில் விற்றார்கள்.

ஐயா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “பொய்யெண்டு தெரிஞ்சும் தொட்டு வேலை செஞ்சா, ‘எனக்கு இது போதும்’ எண்டு நீங்களே ஒத்துக்கிட்டதாத்தான் எதிராளி சொல்லுவான். அந்த நூலத் திருப்பிக் குடுக்கிற வழி அடைஞ்சி போச்சு. நட்டம் கேக்கலாம், அது இழுபடும். தெரிஞ்ச உடன கையெடுத்த ஒரு ஆள் எனக்கு வேணும். ஒரே ஒரு ஆள். இன்னும் நெய்யத் தொடங்காத பாவு யாரிட்ட இருக்கு?”

ஒரு வீட்டில்தான் இருந்தது. கைறுன்னிஸா வீட்டில். புருஷன் மௌத்தானவள், ஒரு தறி, இரண்டு பிள்ளைகள். காய்ச்சலில் படுத்ததால் பாவை ஏற்றிவிட்டு நெய்யாமல் கிடந்தாள். நாங்கள் அவள் முற்றத்துக்குப் போனோம். ஐயா தறியைத் தொடவில்லை. “மகள், உன்னக் கட்டாயப்படுத்தேல்ல. ஆனா தறியில பாவு கிடக்கிற மட்டும், நூல ஏற்றுக்கொண்டா எண்டுதான் சொல்லுவாங்க. அறுத்து, கட்டி, பொதியோட ஒதுக்கி வச்சா, இண்டைக்கே நான் அவருக்கு ‘வந்து எடுத்திட்டுப் போ’ எண்டு அறிவித்தல் அனுப்புவன்.”

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் ஓடவில்லை, என் முழங்கால் ஓடும் வகையைச் சேர்ந்ததல்ல. கைறுன்னிஸா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

“யோசிச்சியா புள்ள?” என்றேன்.

“யோசிச்சா அறுக்க ஏலா மாமா” என்றாள். பிஸ்மி சொன்னாள். அறுத்தாள்.

சபையோரே! நான் பெரும் சத்தங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தம் சிறியது. அதைப் பெரிதாக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று தொடங்கியது வழக்கு. அவள் பெயரில் வழக்கு. அவள் வென்றால், கொம்பனி நூலைத் திருப்பி எடுத்துப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பு வரும். அவளுடைய முடிவைப் பார்த்துத்தான் மற்றவர்களின் நட்ட வழக்கெல்லாம் நகரும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. ஆகவே அந்த ஒரு தறியின் மேலேதான் எங்கள் எல்லோரின் பாரமும் ஏறி உட்கார்ந்தது.

பிறகு கோட்டில் நாள் குறித்து நாள் தள்ளும் தவணை. ஐயோ, அந்தத் தவணைகள்! ஒரு தவணைக்கு ஏஜண்டருக்குச் சுகமில்லை. ஒரு தவணைக்கு அவருடைய அட்வகாத்துக்குச் சுகமில்லை. ஒரு தவணைக்கு எல்லோருக்கும் சுகம், நீதவானுக்கு மாற்றம். கொம்பனி சொல்கிறது, “ஏஜண்டர் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை.” ஏஜண்டர் சொல்கிறார், “நான் வெறும் கைதான், கொம்பனிதான் தலை.” ஐயா இரண்டு பேரையும் சேர்த்தே இழுத்திருந்தார்; கையும் தலையும் ஒரே உடம்பா இல்லையா என்று அவர்களே கோட்டில் அடிபடட்டும் என்று. அந்தக் கோட்டு விறாந்தையில் நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, வாங்குப் பலகையில் எங்கள் உருவம் பதிந்து, எங்களைப் பார்க்காத ஆட்கள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தே “ஆதம்பாவா சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஐயாவின் கால் வீங்கியது. சப்பாத்தை விட்டுச் செருப்புக்கு வந்தார். செருப்பை விட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். “போதும் ஐயா, கிடைக்கிறதை வாங்கி முடிப்போம்” என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் வாங்கில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “அவள் அறுத்திட்டாள் ஆதம்பாவா. இனி நமக்கு என்ன களைப்பு?” என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

போன மாதத் தவணைக்கும் வந்தார். வழக்கு அன்றைக்கும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி அதைப் போடவில்லை.

இப்போது நான் கேட்கிறேன், திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிறேன்: “பாவை அறுத்தாள், பிறக்கிராசியாரை எடுத்துவிட்டது” என்று ஊரில் பேசுவது யார்? அவள் அவித்து விற்கும் இடியப்பம் வாங்கக்கூட அவள் வாசலுக்குப் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது யார்? சீனித்தம்பி அண்ணரைக் கேளுங்கள். ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் பழையது. அதை மீறி அவரை எடுத்தது ஏதாவது இருந்தால், அது கத்தரிக்கோல் அல்ல, அந்த விறாந்தைதான்! அந்தக் கத்தரிக்கோலுக்கு ஆளைக் கொல்லும் வல்லமை இருந்திருந்தால் ஏஜண்டர் அல்லவா முதலில் போயிருக்கவேண்டும்? அவர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். அதோ, வாசலில் சாய்த்து வைத்திருக்கும் அந்தப் பெரிய மாலை அவர் அனுப்பியது. பூ அசல். வெளிச்சுற்று மட்டும்தானா, உள்ளேயுமா என்று நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாலையோடு ஓர் ஆளும் வந்தார். மாலையை இங்கே வைத்துவிட்டு நேரே கைறுன்னிஸா வீட்டுக்குப் போனார். பணத்தில் ஒரு பகுதி தருவார்களாம். கடனுக்குத் திரும்ப நூலும் தருவார்களாம். பதிலுக்கு ஒரு கையெழுத்து: ஏமாற்று எதுவும் நடக்கவில்லை, முற்றத்தில் யாரும் நூல் கழுவவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. ஏஜண்டரின் மறுமொழியும் கோட்டில் அதுதானே? “நான் அந்த முற்றத்துக்குப் போனதே இல்லை.”

அவள் என்னிடம் வந்தாள். “மாமா, ஐயா இருந்தா நான் உங்களக் கேக்க வரமாட்டன். என்ட வாயால மட்டும் செல்லி வெல்ல ஏலாதெண்டு புதுப் பிறக்கிராசியார் செல்றார். கண்ட ஆக்கள் வரணுமாம். முற்றம் நிறைய ஆக்கள் நிண்டாங்களே மாமா. இவ்வளவு நாளும் ஐயா கேட்டுக் கேட்டு ஒருத்தரும் கூண்டில ஏற வரல்ல. இனி ஆரு வருவா? நான் கையெழுத்து வைக்கட்டா?”

மூன்று உலகத்துக்கும் கேட்கப் பேசுகிற என் வாய், அந்தப் பிள்ளைக்கு முன்னால் வெற்றிலைப் பெட்டியைத் தேடியது.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? கடனுக்கு நூல் தருகிற ஆள் அவர் ஒருவர்தான். பெருநாள் வருகிறது. தறி ஓடவேண்டும். சாட்சிக்கு ஏறினால் அடுத்த பொதி வராது. பயம் நியாயமானது, நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் அவள் கையெழுத்து வைத்துவிட்டால் என்ன நடக்கும்? அவள் வழக்கு முடியும். அதோடு பக்கீரின் வழக்கும் முடியும். உங்கள் எல்லோருடையதும் முடியும். நடக்காத ஏமாற்றுக்கு யார் நட்டம் தருவார்? அடுத்த வருடம் அதே வெள்ளைத் தொப்பி, அதே முற்றம், இன்னொரு கோப்பை.

“மாமா, நீங்களும்தானே நிண்டீங்க, நீங்க ஏறுங்களன்” என்று பின்னால் முணுமுணுப்பது கேட்கிறது. பக்கீர்தானே? குரல் தெரியும் மச்சான். ஏறத்தான் போகிறேன். புதிய பிறக்கிராசியாரிடம் காலையில் சொல்லிவிட்டேன். அவரும் ஐயாவைப்போலவே கண்ணாடியைத் துடைத்தார். என் ஒருவன் வாயை நம்பி எந்த நீதவானும் தீர்ப்பு எழுதமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், பாசிக்குடாக் கடலுக்கும் தெரியும். என் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். கூட்டிச் சொல்லாத ஆள் வேண்டும்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் கடைசியில் சொல்வோம். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். இன்றைக்கு அதைச் சொல்ல எனக்குச் சத்துமில்லை, வெட்கமுமாக இருக்கிறது. ஆகையால் பணி என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாமாங்கத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு தவணை இருக்கிறது. அன்றைக்குப் பாலம் கடந்து வாருங்கள். கூண்டில் ஏறுங்கள். கண்டதைச் சொல்லுங்கள். இறங்குங்கள். அவ்வளவுதான் அந்த மனிதர் இவ்வளவு காலமும் வீங்கின காலோடு நம்மிடம் கேட்டது.

நான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிப் பார்க்கிறேன். பிசகினால் திருத்துங்கள்.

கைறுன்னிஸாவின் முற்றத்துக்கு ஏஜண்டர் வந்தார். ஒரு சிட்டம் நீல நூலைத் தண்ணீரில் கழுவினார். இந்த நூலில் சாயம் போகாது என்று சொன்னார். அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை குடித்தார். ஒரு கோப்பைதான். நான் பார்த்தேன்.

இப்போது ஐயாவுக்காக எல்லோரும் எழுந்து சிறிது நேரம் பேசாமல் நிற்போம். தலைவர் கையைக் காட்டியதும் உட்காரலாம். அந்த முற்றத்தில் நின்றவர்கள் மட்டும் உட்கார வேண்டாம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழுந்திருங்கள். நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.